ஆஸ்பத்திரி முக்கு டிரான்ஸ்பார்மரின் பங்குதாரர்

வேலங்காட்டூரில் டிரான்ஸ்பார்மர் கம்பெனியின் பங்கை வாங்கியவர் கோபப்பட்டால், அவர் பேருக்கு ஒதுக்கப்பட்ட டிரான்ஸ்பார்மரின் எண்ணெய் சூடேறும். அவர் சாந்தமானால் எண்ணெயும் ஆறும். பங்குப் பத்திரத்தின் பின்பக்கத்தில் இதைப் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். வேலங்காட்டூர்க்காரர்கள் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள். அதனால் தெரியாமல் மாட்டிக்கொண்டேன் என்று இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை.

மின்சாரச் சாமான் செய்கிற மற்றக் கம்பெனிகளுக்கும் இப்படி ஒவ்வொரு நிபந்தனை உண்டு. பீங்கான் இன்சுலேட்டர் கம்பெனியில் பணம் போட்டவர்கள் காதில் விழுந்ததை வெளியே விடக்கூடாது. வெளியூரிலிருந்து பெண் கேட்டு வருகிறவர்கள் விவரம் புரியாமல் அவர்களிடம் போய் விசாரித்துவிட்டு, மோர் மட்டும் குடித்துத் திரும்புவார்கள். ஜெனரேட்டர் கம்பெனியின் பங்குதாரர் சிரித்தால்தான் அவருடைய ஜெனரேட்டர் ஓடும். ஃபியூஸ் கம்பெனிப் பங்கை மட்டும் யாரும் சீண்டமாட்டார்கள். அதை வைத்திருப்பவர்கள் சின்ன விஷயத்துக்கெல்லாம் மனசு விட்டுப்போய்ப் படுத்துக்கொள்கிறார்கள்.

இத்தனையிலும் நின்று நிதானமாக லாபம் தருவது டிரான்ஸ்பார்மர்தான் என்று பங்குத் தரகர் நடேசன் எல்லாரிடமும் சொல்வார். "சோறில்லாமக்கூட ரெண்டு நாளைக்கு இருந்துக்குவானுங்க. கரண்டு இல்லாம அரை மணி நேரம் இருப்பானா? கண்ண மூடிட்டுப் போடுங்க" என்பார். ஆனால் பணத்தைக் கொண்டுபோய் நீட்டினால் உடனே வாங்கிக்கொள்ள மாட்டார். வந்தவரை ஸ்டூலில் உட்காரவைத்து, அக்குளில் வெப்பமானியைச் செருகி, பத்து நிமிடம் திட்டுவார். அது கம்பெனி விதி. கடமைக்குத் திட்டுகிற ஆளில்லை நடேசன். வருகிறவரின் குடும்பக் கதையை முந்தின நாளே விசாரித்து வைத்துக்கொண்டு, எங்கே தொட்டால் எரியுமோ அங்கே பார்த்துத் தொடுவார். பாதரசம் ஏறாதவருக்குத்தான் பங்கு.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் மரகதம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். மாவு மில் நடத்துகிறவள். அந்த மில்லில் எந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்பது அவள் சத்தம். மூன்றாவது நிமிடத்தில் வெப்பமானி உடைந்தது. நான்காவது நிமிடத்தில் நடேசனின் சட்டைப் பித்தான்கள் இரண்டு கழன்றன. நடேசன் தரையில் பித்தானைத் தேடிக்கொண்டே, "உங்க ஊட்டுக்காரர அனுப்புங்க தாயி" என்றார்.

அவளுடைய கணவர் சாமியப்பன் பால் சொசைட்டியில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று லாக்டோமீட்டரை விட்டுப் பார்த்துப் பாலைச் சேர்க்கிறவர். அவரை நடேசன் பத்து நிமிடம் முழுசாகத் திட்டினார். பாதரசம் அரை டிகிரி இறங்கியது. சாமியப்பன் எழுந்து, மூலையில் இருந்த பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு, "தொண்டை காஞ்சிருக்குமுங்க, குடிங்க" என்று நடேசனிடம் கொடுத்தார். நடேசன் தன் தொழிலில் அப்படி ஓர் ஆளைப் பார்த்ததே இல்லையாம். அன்றைக்கே நானூறு பங்கு எழுதிக் கொடுத்தார். அரசு ஆஸ்பத்திரிக்கு மின்சாரம் கொடுக்கிற முக்கு டிரான்ஸ்பார்மர் சாமியப்பன் பேருக்கு வந்தது. அவ்வளவு பெரிய பொறுப்புக்குத் தோதான ஆள் அவர்தான் என்று கம்பெனியே கடிதம் போட்டது.

அதிலிருந்து வீட்டுக் கோபம் முழுவதும் மரகதத்தின் பொறுப்பாயிற்று. முன்னாலும் அப்படித்தான், ஆனால் இப்போது அதற்கு ஒரு நியாயம் கிடைத்தது. பஸ்ஸில் மீதிச் சில்லறை தராத கண்டக்டரிடம் அவருக்காக இவள் சண்டை போடுவாள். நிலத்தில் கிணற்றோடு சேர்ந்த பாகத்தை அவருடைய தம்பி பொன்னுச்சாமி தன் பக்கம் வேலி போட்டுக்கொண்டபோது, அவர் "விடு" என்றார். இவள் வேலிக்கல் இரண்டைப் பிடுங்கி ரோட்டில் போட்டுவிட்டு வந்தாள். சாமியப்பனுக்குக் கோபம் வரக்கூடாது, ஆஸ்பத்திரியில் நோயாளிகள் இருக்கிறார்கள். கம்பெனியின் ஆண்டுக் கூட்டத்தில் வருஷம் தவறாமல் அவருக்குச் சால்வை போட்டார்கள். அவருடைய எண்ணெய் நாற்பத்தைந்து டிகிரியைத் தாண்டியதே இல்லை.

இப்படிக் குளிர்ந்த ஆளாகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஊரில், ஆள் ரொம்பவும் குளிர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

அந்த ஐப்பசியில் பதினோரு நாள் மழை விடவில்லை. பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் இரண்டு மணிக்குக் கம்பெனியின் பங்குதாரர் தொடர்பு அலுவலர் தனபாக்கியம் மழைக்கோட்டோடு வந்து வாசலில் நின்றாள். இருபத்தைந்து வயது இருக்கும். கையில் எண்ணெயின் சூட்டைக் காட்டுகிற, பெரிய கடிகாரம் அளவுக்கு ஒரு டயல் இருந்தது. அதை மேசையில் துடைத்து வைத்தாள். முள் இருபத்தொன்பதில் நின்றது.

"ஐயா, எண்ணெய் ரொம்ப ஆறிப்போச்சுங்க" என்றாள். "ஆறின எண்ணெய் காத்துல இருக்கற ஈரத்தக் குடிக்குது. கீழ தொங்குற டப்பாவுல ஈரத்த உறிஞ்சற நீல மணியெல்லாம் ரோஸ் கலராயிருச்சு. இருபத்தஞ்சுக்குப் போனா தானா ட்ரிப் ஆயி கரண்டு நின்னுருமுங்க. அப்புறம் எண்ணெய மாத்தி ஏத்த ரெண்டு நாளாகும்."

மரகதம் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள். ஆஸ்பத்திரியில் அவளுடைய பேத்தி இருந்தாள். மகள் யசோதாவுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டு, முந்தாநாள் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஒன்றேகால் கிலோ. உள்ளே விளக்கு எரியும் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அந்த விளக்கின் சூட்டில்தான் குழந்தை இருந்தது. வெளியூருக்குக் கொண்டுபோகவும் வழியில்லை, பாலத்துக்கு மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"ஜெனரேட்டர் இருக்குதல்ல?" என்றாள் மரகதம்.

"அந்தப் பங்குதாரரோட அம்மா காலைல தவறிட்டாங்கம்மா. எங்க ஆளுங்க நாலு பேரு எழவு வீட்டுக்கே போயி ஜோக்குச் சொல்லிப் பாத்தாச்சு. அவரும் பாவம், சிரிக்கறதுக்கு முயற்சி பண்ணாரு. முடியலீங்க."

"பங்க வேற யாருக்காச்சும் வித்துட்டா?"

"ஞாயித்துக்கிழமை மார்க்கெட் லீவுங்கம்மா."

மரகதம் கணவர் பக்கம் திரும்பினாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்த சின்ன ரேடியோவைக் காதில் வைத்திருந்தார். "கேட்டுதுங்களா? கோவப்படுங்க" என்றாள்.

சாமியப்பன் ரேடியோவை அணைத்தார். பேத்தி என்றால் அவருக்கு உயிர். எழுந்து நின்று புருவத்தைச் சுருக்கினார். பல்லைக் கடித்தார். வேட்டியை மடித்துக் கட்டி மேசையை ஒரு தட்டுத் தட்டினார். தட்டிய இடத்தில் இருந்த தண்ணீர் டம்ளர் கவிழாமல் இருக்க இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். முள் அசையவில்லை.

"வரமாட்டேங்குதே, மரகதம்" என்றார் வருத்தமாக.

"நடிச்சா ஏறாதுங்கய்யா" என்றாள் தனபாக்கியம். "உள்ளார இருந்து வரணும்."

மரகதத்துக்கு அது ஒன்றும் புதிய வேலை இல்லை. இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு ஆரம்பித்தாள். சாப்பாட்டில் உப்பில்லை என்றாலும் சொல்லத் தெரியாத மனுஷன் என்றாள். தெருவில் போகிற ஆடுகூட இவரைக் கண்டால் ஒதுங்காது என்றாள். ஆம்பளையாகப் பிறந்ததற்கு ஒரு நாளாவது சத்தம் போட்டிருக்கிறீர்களா, மகளைக் கட்டிக்கொடுத்த இடத்தில் பந்தியில் கடைசியாக உட்காரவைத்தார்களே, அப்போதாவது வாயைத் திறந்தீர்களா என்றாள். பதினைந்து நிமிடம் மூச்சு விடாமல் திட்டினாள். நடேசன் இருந்திருந்தால் குறிப்பு எடுத்திருப்பார். சாமியப்பன் ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டு, சரிதான் என்று தலையாட்டினார்.

"இருபத்தெட்டரை" என்றாள் தனபாக்கியம்.

மரகதம் அவர் கையிலிருந்த ரேடியோவைப் பிடுங்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். அது அவர் இருபது வருஷமாகப் பிரியாத ரேடியோ. வீட்டுக் கிணற்றில் போட்டாள். மழையில் நிறைந்து தண்ணீர் மேலே கிடந்ததால் சத்தம் பக்கத்திலேயே கேட்டது. திரும்பி வந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பேட்டரியக் கழட்டிட்டுப் போட்டிருக்கலாம்" என்றார் சாமியப்பன். "தண்ணி கெட்டுப்போயிரும். சரி, விடு. நாளைக்கு எறச்சுக்கலாம்."

"இருபத்தெட்டுங்கம்மா."

போன் அடித்தது. மாப்பிள்ளை. "அத்தை, பெட்டியில லைட்டு மங்குதுங்க. நர்ஸம்மா கம்பளி கேக்கறாங்க" என்றான். அவன் குரலுக்குப் பின்னால் யசோதா அழுவது கேட்டது. மரகதம் போனை வைத்துவிட்டுக் கணவரின் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்க தம்பி பொன்னுச்சாமி கெணத்தோட வேலி போட்டானே. அன்னைக்கு உங்களப் பத்தி என்ன சொன்னான் தெரியுங்களா? எங்கண்ணன் ஒரு மாடு, தண்ணி காட்டினாப் போதும்னு சொன்னான். ஊரே சிரிச்சுது."

"அவனுக்கு மூணு புள்ளைங்க. தண்ணி வேணுமல்ல" என்றார் சாமியப்பன்.

"இருபத்தேழரை."

மழை ஓட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது. மரகதத்திடம் இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. பத்தொன்பது வருஷமாக யாரிடமும் சொல்லாதது. சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

"உங்களுக்குச் சேலத்துல பெரிய பண்ணையில மேனேஜர் வேல வந்துச்சே, நெனப்பிருக்குதா?" என்றாள். "நீங்க பால்ல தண்ணி கலக்கறீங்கன்னு மொட்டைப் பெட்டிசன் போயி, அது கெட்டுதே. விசாரணையில உங்கள நிக்கவச்சுக் கேட்டாங்களே. அந்தப் பெட்டிசன எழுதுனது நான்தானுங்க. எனக்கு மில்ல உட்டுட்டு அங்க வர மனசில்ல. உங்ககிட்டச் சொன்னா நீங்க சரின்னு இங்கயே இருந்திருப்பீங்க. ஆனா எனக்காக இருந்துட்டேன்னு ஆயிரும். அதனாலதான் எழுதினேன்."

தனபாக்கியம் டயலைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சாமியப்பனைப் பார்த்தாள்.

"தெரியும்" என்றார் அவர். "மளிகைக் கடைக்கு லிஸ்டு நீதான எழுதுவ. உன் எழுத்து எனக்குத் தெரியாதா? சொல்லணும்னு உனக்கே எப்பத் தோணுதோ அப்ப நீயே சொல்லட்டும்னு இருந்தேன்." பிறகு அவர் சிரித்தார். பத்தொன்பது வருஷமாக எதற்கோ காத்திருந்தவர் அது வந்து சேர்ந்ததும் சிரிக்கிற சிரிப்பு அது. அவருக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

முள் சரசரவென்று இறங்கியது. "அம்மா, இருபத்தஞ்சே முக்கால்" என்றாள் தனபாக்கியம். "இனி நல்ல விஷயம் எதுவும் சொல்லாதீங்கம்மா."

மறுபடியும் போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன கேட்கப் போகிறோம் என்று மூன்று பேருக்கும் தெரியும். அடித்து அடித்து ஓய்ந்தது.

மரகதம் ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். உள்ளே தேடிப் பார்த்தாள். கோபம் இல்லை. வீட்டுக்கும் மில்லுக்கும் தெருவுக்கும் சேர்த்து இத்தனை வருஷம் செலவழித்தும் தீராமல் இருந்தது, இப்போது காலி டின்னைப் போல அடித் தகரம் தெரிந்தது. நாற்காலிக் காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"விட்டுருலாமுங்க" என்றாள். "நம்மளால ஆகல. ஏழு மாசத்துப் புள்ள. விட்டுருலாம்."

அவள் உபாயத்துக்குச் சொல்லவில்லை. மெய்யாகவே அப்படித்தான் நினைத்தாள். அதனால்தான் அவ்வளவு மெதுவாகச் சொன்னாள்.

சாமியப்பன் குனிந்து பார்த்தார். "என்ன சொன்ன?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மரகதம். இப்ப என்ன சொன்ன நீ?"

"விட்டுருலாம்னேன்."

"இருபத்தாறு" என்றாள் தனபாக்கியம்.

சாமியப்பன் எழுந்தார். "கெணத்த நான் விட்டேன். மேனேஜர் வேலைய விட்டேன். பந்தில கடைசில உக்காந்தேன். எல்லாத்தையும் நான் எதுக்கு விட்டேன்னு நெனச்ச? நீ ஒருத்தி இருக்கிற, நீ எதையும் விடமாட்டன்னு நெனச்சுத்தான் விட்டேன்! ஊட்டுல ஒராளு புடிச்சுட்டு இருந்தாத்தான் இன்னொராளு விடமுடியும். நீயும் விட்டா அந்தப் புள்ளைய யாரு புடிக்கறது?" கடைசிச் சொல்லைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்து, அந்தத் தெரு இதுவரை கேட்காத ஒரு சத்தமாக வெளியே வந்தது. எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது.

"முப்பத்தொன்னு. முப்பத்தெட்டு. அம்மா, நாப்பத்தாறு!"

முதல் முறையாகக் கோபப்படுகிறவருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. முப்பத்தொரு வருஷக் கோபம் தேதி வாரியாக வந்தது. கல்யாணத்தன்று மாலை வாடியிருந்ததில் ஆரம்பித்தார். பால் சொசைட்டியில் விசாரணை நடத்திய அதிகாரியின் மீசை வந்தது. நடேசன் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் திட்டிய பத்து நிமிடமும் சொல்லுக்குச் சொல் நினைவிருந்தது, அத்தனைக்கும் இப்போது பதில் சொன்னார். ரேடியோ வந்தது. பேட்டரி வந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி நடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழிதான். ஆனால் அந்த வழியில்தான் பொன்னுச்சாமியின் வீடும் இருந்தது.

"தொண்ணூத்தஞ்சு போனா வெடிச்சிருமுங்கம்மா" என்றாள் தனபாக்கியம், டயலை மழைக்கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு.

மரகதம் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். அவள் பிடிக்கத் தெரிந்தவள், ஆற்றத் தெரிந்தவள் இல்லை. ஒரு மனுஷனை எப்படிச் சாந்தப்படுத்துவது என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அதனால் கையில் இருந்ததை வைத்துச் சமாளித்தாள். அறுபத்தைந்துக்குக் கீழே என்றால் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தாள். எழுபதைத் தொட்டால் குடையை விலக்கி நனையவிட்டாள்.

"எழுபத்தாறுங்கம்மா, சித்த நேரம் நனையட்டும்." பின்னாலிருந்து தனபாக்கியம் சொல்லிக்கொண்டே வந்தாள். "அறுபத்திமூணு. இப்பப் புடிங்க. ம். எழுபது. எடுங்க, எடுங்க."

இப்படி மூன்று பேரும் கடைவீதியைக் கடந்தார்கள். கடைக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு பங்குதாரர் வேலையாகப் போகும்போது குறுக்கே வரக்கூடாது என்பது ஊர் மரியாதை.

பொன்னுச்சாமியின் வீட்டுக் கேட் வந்தது. சாமியப்பன் நின்றார். உள்ளே, வேலி போட்டுக்கொண்ட கிணற்றின் மோட்டார் ஓடும் சத்தம் மழையிலும் கேட்டது. கேட்டின் கம்பியைப் பிடித்தார். மரகதம் குடையை மடக்கியே விட்டாள், ஆனாலும் மழை போதவில்லை.

"எம்பத்தெட்டு. தொண்ணூறு. தொண்ணூத்தொன்னுங்கம்மா!"

மரகதம் கேட்டுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாள். இரண்டு கையையும் ஏந்தினாள். "இது என் வேல" என்றாள். "பொன்னுச்சாமி மேல கோவப்படறது முப்பது வருசமா என் வேல. நான் அங்க கொஞ்ச நேரம் அசந்துட்டேன், அதுக்காக நீங்க எடுத்துக்குவீங்களா? இவனுடையத மட்டும் எங்கிட்டக் குடுத்துருங்க. மத்தது உங்ககிட்டயே இருக்கட்டும்."

சாமியப்பன் யோசித்தார். அவள் கேட்டது நியாயம்தான். தண்ணீர் சொட்டும் கையால் அவள் கைகளைப் பிடித்து, தம்பியின் மேலிருந்த கோபத்தை ஒப்படைத்தார். அது கனமாக இருந்தது. மரகதம் ஓர் அடி பின்னால் போனாள். ஆனால் அவளுக்கு அது பழகிய கனம், உடம்பில் தெம்பு வந்தது. கேட்டை ஒரு உதை உதைத்துவிட்டு, "அப்புறமா வந்து பேசிக்கறேன்டா" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள்.

"அறுபத்திரெண்டு" என்றாள் தனபாக்கியம். "இப்படியே போலாமுங்கம்மா."

ஆஸ்பத்திரியில் வராந்தா விளக்குகள் ஒரே சீராக எரிந்தன. மாப்பிள்ளை படியிறங்கி ஓடி வந்து, பெட்டியில் விளக்கு நன்றாக எரிகிறது என்றான். குழந்தைகள் வார்டுக்கு வெளியே ஒரு பெஞ்சில் சாமியப்பனை உட்காரவைத்து, நர்ஸ் ஒரு துண்டு கொடுத்தாள். துடைத்துக்கொண்டே அவர் மிச்சத்தையும் சொன்னார். போன தீபாவளிக்கு வந்த வேட்டியின் கரை சாயம் போனது வரைக்கும் வந்தார். அதற்கப்புறம் எதுவும் இல்லை. முப்பத்தொரு வருஷத்துக் கோபம், எல்லாம் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம் வந்தது.

"போதும்" என்றார். "மனசு லேசா இருக்குது." மாப்பிள்ளை கொண்டுவந்த டீயை வாங்கி ஊதிக் குடித்தார். அவர் முகத்தில் பழைய சாந்தம் திரும்பி வந்துவிட்டது. டீ நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார்.

மரகதம் திரும்பித் தனபாக்கியத்தைப் பார்த்தாள். தனபாக்கியம் மழைக்கோட்டிலிருந்து டயலை எடுத்தாள். வெளியே மழை இன்னும் அப்படியே பெய்தது. வராந்தாவில் இருந்த எல்லாரும் முள்ளைப் பார்த்தார்கள். அறுபத்தொன்று. சாமியப்பன் இன்னொரு வாய் குடித்தார். அறுபத்தொன்று. அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார், கொஞ்ச நேரத்தில் லேசாகக் குறட்டை விட்டார். முள் அறுபத்தொன்றிலேயே நின்றது.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று தனபாக்கியம் டயலைக் கையில் பிடித்தபடி வராந்தாவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து பார்த்தாள். பிறகு வார்டுக் கதவைத் திறந்தாள். மரகதம் அவள் பின்னாலேயே போனாள்.

யசோதா பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். "அம்மா, இவளப் பாரேன்" என்றாள்.

கண்ணாடிக்குள் குழந்தை விழித்திருந்தது. உள்ளங்கை அகல முகம் முழுக்கச் சிவந்திருந்தது. புருவம் இருக்கவேண்டிய இடத்தைச் சுருக்கி, இரண்டு முஷ்டியையும் இறுக்கி, மூக்கில் செருகியிருந்த குழாயைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. நர்ஸ் அதை விடுவித்தாள். குழந்தை மறுபடியும் பிடித்தது. நர்ஸ் மறுபடியும் விடுவித்தாள். குழந்தை காலால் உதைத்துவிட்டு மறுபடியும் பிடித்தது. பிடித்ததை விடுகிற எண்ணம் அதற்கு இல்லை.

மரகதத்துக்குக் கண் நிறைந்தது. அவளுடைய அப்பா, மாமியார், நடேசன் என்று எத்தனையோ பேர் இந்தக் கோபத்தை எங்காவது கொண்டுபோய்த் தொலைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். நல்லவேளை, தொலைக்கவில்லை. அவள் கண்ணாடியின் மேல் கையை வைத்தாள். "அப்படித்தான், கண்ணு" என்றாள்.

தனபாக்கியம் முள்ளைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், பங்குதாரர் நோட்டைப் பிரித்து, வாரிசு என்று ஒரு வரி எழுதினாள். குழந்தைக்குப் பேர் வைத்தாயிற்றா என்று கேட்டாள். இல்லை என்று யசோதா சொன்னதும் அந்த இடத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் மை தடவிய பஞ்சை வைத்தாள். நர்ஸ் பெட்டியின் பக்கவாட்டு ஓட்டை வழியாகக் குழந்தையின் கட்டைவிரலைப் பிடித்துக் கொடுத்தாள்.

ஐந்து மணிக்குக் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். கண்ணாடிப் பெட்டியின் காலில் ஒரு செப்புக் கம்பியை முடுக்கி, ஜன்னல் வழியாக வெளியே விட்டு, மிஞ்சுகிற கோபம் மண்ணில் இறங்குவதற்குச் சுவரோரம் எர்த் குழி தோண்டி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி மூடினார்கள். குழி காயாமல் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று அவர்களில் பெரியவர் சொன்னார். மழை பெய்தாலும் ஊற்றவேண்டுமா என்று மரகதம் கேட்டாள். மழைத் தண்ணீர் கணக்கில் வராது, சொந்தக்காரர்கள் யாராவது கையால் ஊற்றவேண்டும் என்றார் அவர். மரகதம் சேலையைச் செருகிக்கொண்டு நர்ஸிடம் குடம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.